நதியை மறிக்க விடாத மனிதர்: மார்ட்டின் லிற்றனும் கொலராடோப் பள்ளத்தாக்கும்

"அணை கட்ட வேண்டாம் எண்டு ஒருத்தர் அம்பது வருசமாய் நிண்டவரோ? தண்ணியை மறிச்சு வைக்கிறதில என்ன பிழை, தம்பி?"

கோப்பாயில் பெரியப்பாவின் தோட்டக் கிணற்றடியில், வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், மார்ட்டின் லிற்றன் என்ற அமெரிக்கரைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது அவர் கேட்ட கேள்வி இது. கேள்வி நியாயமானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாதது நம் யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஆறு என்ற பெயருக்குப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையில் பெரும்பங்கு கடலுக்குப் போவதைக் கண்டு மனம் பொறாமல், பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ஆனையிறவு, வடமராட்சிக் கடல்நீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்கும் திட்டத்தை முன்வைத்தார். அந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சு இன்றும் நம் வீடுகளில் ஓயவில்லை. இப்படிப்பட்ட ஊரில் அணை என்றால் அது அறம். அணையை எதிர்ப்பதற்கே தன் வாழ்வைக் கொடுத்த ஒருவரை இங்கிருந்து புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பெரியப்பாவின் கேள்வியைத் தவிர்க்க இயலாது. ஆகவே இந்த ஆய்வை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

இடமும் ஆளும்

அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு, ஆற்றின் வழியே அளந்தால் 446 கிலோமீற்றர் நீளமுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் வீதியைவிட நீளம். அகலம் சில இடங்களில் 29 கிலோமீற்றர் வரை விரிகிறது. ஆழம் 1,800 மீற்றரைத் தாண்டுகிறது. நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு: அதன் சுவர்களில் கண்ணைப் பறிக்கும் செந்நிறப் பெருஞ்சுவர் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. 'றெட்வோல்' என்று பெயர் பெற்ற அந்தக் கல் ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. நம் காலடியில் உள்ள கல் மயோசீன் காலத்தது, அதனோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: மழையை உள்வாங்கி, வெடிப்புகளிலும் குகைகளிலும் சேர்த்து, வேறோரிடத்தில் ஊற்றாகத் திருப்பித் தருகின்றன. கீரிமலையில் கேணியாக நாம் காண்பதை அங்கே செங்குத்துப் பாறைச்சுவரின் நடுவிலிருந்து அருவியாக விழக் காணலாம்.

லிற்றன் 1917இல் கலிபோர்னியாவில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் கிளைடர் விமானியாகப் பணியாற்றிய பின் பத்திரிகைத் துறைக்கு வந்தார். 'சன்செற்' என்ற சஞ்சிகையில் பயணப் பகுதி ஆசிரியராக நீண்ட காலம் இருந்தார். அவர் அரசியல்வாதியுமல்லர், அறிவியலாளருமல்லர். சிறு விமானம் ஓட்டவும், படகு வலிக்கவும், படம் எடுக்கவும், கோபம் குறையாமல் எழுதவும் தெரிந்தவர். கொலராடோ ஆற்றில் இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாக அவர் முதன்முதலில் படகில் சென்றது 1955இல். அந்தக் காலத்தில் அந்த வழியை முழுமையாகக் கடந்தவர்கள் மிகச் சிலரே.

முதல் இழப்பு

இந்த நிகழ்வின் வேர் வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், யூற்றா–கொலராடோ எல்லையிலுள்ள டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள் எக்கோ பார்க் என்னுமிடத்தில் அணை கட்ட அமெரிக்க அரசின் நில மீட்புப் பணியகம் முனைந்தது. அதைக் கண்டித்து லிற்றன் 'லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளைப் பார்த்தே, இயற்கையைக் காக்கப் பாடுபடும் அமைப்பான சியெரா கழகத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளர் டேவிட் புரோவர் அவரைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்டார். 1954இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் குழு முன்னிலையில் புரோவர் செய்த காரியம் குறிப்பிடத்தக்கது: தேக்கங்களில் ஆவியாகிப் போகும் நீரைப் பற்றிப் பணியகம் கொடுத்த கணக்கில் சாதாரணக் கழித்தல் பிழை இருப்பதை, பள்ளிக்கூட எண்கணிதத்தைக் கொண்டே காட்டினார். எக்கோ பார்க் அணை கைவிடப்பட்டது.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. எக்கோ பார்க்கில் அணை கட்டாமல் விட்டால், பணியகத்தின் அதே திட்டத்திலிருந்த மற்ற அணைகளை எதிர்ப்பதில்லை என்று கழகம் ஒதுங்கிக்கொண்டது. அந்த மற்ற அணைகளில் ஒன்று, கிராண்ட் கன்யனுக்கு நேர் மேலேயுள்ள கிளென் கன்யனில், 216 மீற்றர் உயரத்தில் எழுந்தது. 1956இல் சட்டம் வந்தது. 1963இல் நீர் ஏறத் தொடங்கியது. தேக்கம் முழுமையாக நிரம்ப 1980 ஆயிற்று. விட்டுக்கொடுத்தபோது கழகத்தவருள் அநேகர் கிளென் கன்யனைக் கண்ணால் கண்டதே இல்லை. விட்டுக்கொடுத்த பிறகு போய்ப் பார்த்த புரோவர், வாழ்நாள் முழுவதும் அந்தத் துயரத்தைச் சுமந்தார். பாராத ஒன்றை விட்டுக்கொடுப்பது எவ்வளவு எளிது என்பதை இதைவிடக் கொடுமையாகக் காட்டும் நிகழ்வு வேறொன்றை நான் அறியேன். பின்னர் லிற்றன் செய்தவை யாவும் இந்தப் பிழை மீண்டும் நடவாதிருக்கச் செய்தவை என்றே கொள்கிறேன்.

காசுப்பெட்டி அணைகள்

1963–64இல் பணியகம் புதிய திட்டத்தோடு வந்தது. கிராண்ட் கன்யனுக்குள்ளேயே, மேற்பகுதியில் மார்பிள் கன்யன் என்னுமிடத்தில் ஒன்றும், கீழ்ப்பகுதியில் பிரிட்ஜ் கன்யன் என்னுமிடத்தில் மற்றொன்றுமாக இரண்டு அணைகள். பிரிட்ஜ் கன்யன் தேக்கம் மட்டும் ஏறத்தாழ 150 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆற்றை மூழ்கடித்திருக்கும்.

பெரியப்பாவின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு அணைகளும் ஒரு வயலுக்கேனும் நீர் பாய்ச்சுவதற்காக வரையப்பட்டவை அல்ல. அரிசோனாவின் பீனிக்ஸ், ரூசன் நகரங்களுக்கான தண்ணீர் இவற்றிலிருந்து எடுக்கப்படவிருக்கவில்லை. மிகக் கீழே, வேறொரு தேக்கத்திலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டுசெல்லப்படவிருந்தது. அந்த நீரிறைப்புத் திட்டத்தின் செலவை ஈடுசெய்ய மின்சாரம் விற்கும் காசுப்பெட்டிகளாகவே இந்த அணைகள் திட்டமிடப்பட்டன. அந்தப் பெயரே அவற்றுக்கு வழங்கியும் வந்தது. மேலே கிளென் கன்யன் தேக்கமும் கீழே ஹூவர் அணையின் தேக்கமும் இருக்கையில், நடுவே மேலும் இரண்டைக் கட்டினால் ஆற்றில் நீர் கூடாது. நான் பெரியப்பாவுக்குச் சொன்ன உவமை இது: "உங்கட கிணத்துக்கும் தொட்டிக்கும் இடையில இன்னும் ரெண்டு தொட்டி கட்டினால் தண்ணி கூடுமோ, பெரியப்பா? வெயில் குடிக்கிற தண்ணிதான் கூடும்." பாலைவன வெயிலில் விரித்துவைத்த நீர்ப்பரப்பு ஒவ்வொன்றும் ஆற்றுக்கு நட்டம்.

ஆறுமுகத்தின் திட்டத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கடலுக்குப் போகும் மழையை ஏரியில் மறித்துக் கிணறுகளை நன்னீராக்க எண்ணியது ஒன்று. மின்சாரம் விற்ற பணத்துக்காக உலகின் ஒப்பற்ற நிலமொன்றை மூழ்கடிக்க எண்ணியது மற்றொன்று. அணை என்ற சொல் இரண்டுக்கும் பொது, கணக்கு வேறு.

ஆயினும் 1963இல் சியெரா கழகமே உறுதியாக இருக்கவில்லை. பிரிட்ஜ் கன்யன் அணையை அது 1949இலேயே நிபந்தனைகளோடு ஏற்றிருந்தது. 1963 மே மாதம் கூடிய பணிப்பாளர் சபையில், அணை வருவது வரட்டும், மக்கள் இறங்கி மீன்பிடிக்க மின்தூக்கி போன்ற வசதிகளைக் கேட்டுப் பெறுவோம் என்ற போக்கில் பேச்சு நடந்தது. அப்போது லிற்றன் சபையின் உறுப்பினராகக்கூட இருக்கவில்லை. எழுந்து பேசினார். கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே எத்தனை மைல், வெளியே எத்தனை மைல் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், கோடு மனிதர் இட்டது, பள்ளத்தாக்கு ஒன்றே என்பதை, ஆற்றின் வளைவுகளைக் கண்ணாரக் கண்டவரின் உறுதியோடு எடுத்துரைத்தார். சபை இரண்டு அணைகளையும் எதிர்ப்பதென்று தீர்மானித்தது. மறுஆண்டு லிற்றன் அந்தச் சபைக்கே தெரிவானார். 1973 வரை அதில் இருந்தார். புரோவர் அவரைத் தன் மனச்சாட்சி என்று சொல்வதுண்டு. நியாயமாகத் தோன்றுவதைக் கேளாதீர்கள், சரியானதைக் கேளுங்கள் என்பதே லிற்றன் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து.

படகுகள்

அவருடைய பற்றின் உண்மையான உருவத்தைக் காண வேண்டுமென்றால் கூட்ட மண்டபத்தை விட்டு ஆற்றுக்கு இறங்க வேண்டும். ஒறிகன் மாநிலத்து ஆற்றுமீனவர் கையாண்ட, இரு முனையும் மேல்நோக்கி வளைந்த மரப்படகுகளை லிற்றன் கொலராடோவுக்குக் கொண்டுவந்தார். 'டோரி' என்ற அந்தப் படகு ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளம். நம் வள்ளத்தைவிடச் சிறியது. நடுவில் ஒருவர் அமர்ந்து இரண்டு தண்டுகளால் வலிப்பார். படகின் தளத்தின் கீழ் மூடிபோட்ட அறைகள் காற்றடைத்து இருப்பதால், அலை புரட்டினாலும் படகு மிதக்கும். ஆனால் பாறையில் மோதினால் உடையும். இறப்பர்ப் படகு மோதித் துள்ளிக்கொண்டு போய்விடும். மரப்படகோ ஒரு கணக் கவனக்குறைவையும் மன்னிக்காது. மணல் திட்டில் கவிழ்த்துப் போட்டு, ஒட்டுப்பலகையும் பசையும் வைத்து இரவோடிரவாகப் பொத்தலை அடைத்து, மறுநாள் மறுபடி ஆற்றில் இறக்குவார்கள். பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் வள்ளம் பழுதுபார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மணல்திட்டுக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. ஆற்றை ஒவ்வோர் அடியாகக் கவனித்துப் படிக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கும் படகு என்பதற்காகவே அவர் அதை விரும்பினார் என்று நினைக்கிறேன்.

அந்தப் படகுகளுக்கு அவர் இட்ட பெயர்கள் இன்னும் ஆழமானவை. மனிதர் கைபட்டு அழிந்த இயற்கை இடங்களின் பெயர்களையே படகுகளின் பக்கங்களில் எழுதினார். ஒன்றின் பெயர் 'ஹெச் ஹெச்சி': யொசமிற்றி தேசியப் பூங்காவுக்குள்ளேயே 1913இன் சட்டத்தால் அணைக்குக் கையளிக்கப்பட்ட பள்ளத்தாக்கு. இன்னொன்று 'எமரால்ட் மைல்': வெட்டி வீழ்த்தப்பட்ட செம்மரக் காட்டின் ஒரு பகுதி. மற்றொன்று 'டயாப்லோ கன்யன்': மணற்குன்றுகளைக் காப்பதற்கு ஈடாகச் சியெரா கழகமே அணுமின் நிலையத்துக்கு விட்டுக்கொடுத்த கடற்கரை; அந்த முடிவை லிற்றன் கடைசிவரை எதிர்த்தார். இறந்தவரின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் நம் வழக்கத்தை அது எனக்கு நினைவூட்டியது. பயணி ஒவ்வொருவரும், இந்தப் பெயர் என்ன பெயர் என்று கேட்காமல் படகில் ஏற முடியாது.

1964இல் புரோவர், படக்கலைஞர்கள், ஓர் எழுத்தாளர் ஆகியோரை அவர் பள்ளத்தாக்கின் ஊடாக அழைத்துச் சென்றார். அந்தப் பயணத்திலிருந்து பெரிய படநூல் ஒன்று உருவாகி, வாக்களிக்க வேண்டியவர்களின் மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளென் கன்யனுக்கு வாய்க்காதது இதுதான்: இழப்பதற்கு முன் பார்த்தவர்கள்.

விளம்பரமும் வரிக்கடிதமும்

1966 ஜூன் 9 அன்று 'நியூயோர்க் டைம்ஸ்', 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகைகளில் கழகம் அணைகளை எதிர்த்து முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. மறுநாளே அரசின் வருமான வரித் திணைக்களம், கழகத்துக்குக் கொடுக்கும் நன்கொடைகளுக்கான வரிச்சலுகை கேள்விக்குள்ளாகும் என்று கடிதம் அனுப்பியது. பள்ளத்தாக்கைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் இதைக் கண்டு கொதித்தார்கள். பேச்சுரிமைக்கு விழுந்த அடியாக அவர்கள் அதைக் கண்டார்கள். கடிதங்கள் காங்கிரசில் குவிந்தன. கழகத்தின் உறுப்பினர் தொகை வேகமாக ஏறியது. கணிதம், பொருளியல், அணுப்பொறியியல் படித்த மூன்று இளைஞர்கள், இந்த அணைகள் இல்லாமலே நீரிறைப்புத் திட்டத்துக்குப் பணம் தேட முடியும் என்று எண்களால் நிறுவினார்கள். 1967 பெப்ரவரியில் உள்துறைச் செயலாளர் ஸ்டுவேட் யூடால் அணைகளைக் கைவிட்டார். அந்த ஆண்டுக் கோடையில்தான் அவர் அந்த ஆற்றில் படகேறினார். 1968 செப்டெம்பர் 30 அன்று கையொப்பமான சட்டத்தில் அணைகள் இல்லை. 1975இல் பூங்காவின் எல்லை மார்பிள் கன்யனையும் உள்ளடக்கி விரிந்தது.

இவ்வளவையும் ஒரே மனிதரின் சாதனை என்று எழுதினால் அது பொய்யாகும். கொலம்பியா ஆற்றின் நீரைத் தெற்கே திருப்பிவிடுவார்களோ என்று அஞ்சிய வடமேற்கு மாநில செனற்றர் ஹென்றி ஜாக்சனின் எதிர்ப்பு, மேற்கு மாநிலங்களுக்கு இடையிலான பேரம் முதலியவையும் அணைகளை வீழ்த்தின. லிற்றன் செய்தது, அந்தப் பேரங்கள் நடக்கும் வேளையில் எதிர்ப்பு என்ற ஒன்று முழு உருவில் எஞ்சியிருக்கச் செய்தது. 1963 மே மாதம் கழகம் மின்தூக்கி கேட்டிருந்தால், 1966இல் விளம்பரம் போட எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

வெற்றியின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அணைகளுக்குப் பதிலாக நீரிறைப்புக்கான மின்சாரம் பேஜ் நகருக்கு அருகே எழுந்த நவஹோ நிலக்கரி நிலையத்திலிருந்து வந்தது. நவஹோ, ஹோப்பி மக்களின் நிலத்தில் தோண்டிய நிலக்கரி அங்கே 1970களிலிருந்து 2019 வரை எரிந்தது. அதன் புகை பள்ளத்தாக்கின் வானையே மங்கச் செய்தது. பிரிட்ஜ் கன்யன் அணையால் வருமானம் வரும் என்று நம்பி அதை ஆதரித்த ஹுவாலப்பாய் மக்களுக்கு, அணை நின்றுபோனது இழப்பாகவே இருந்தது. நிலத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அந்த நிலத்தின் மக்களிடம் போதுமான அளவு பேசவில்லை என்பதே என் எண்ணம். மேலே கிளென் கன்யன் அணை வண்டலை மறித்துவிட்டதால், கீழே பள்ளத்தாக்கின் மணல்திட்டுகள் கரைகின்றன. வெதுவெதுப்பாகவும் கலங்கலாகவும் ஓடிய ஆறு தெளிந்து குளிர்ந்து, அந்த நீருக்குப் பழகிய உள்ளூர் மீன்களை வாட்டியது. 1996 முதல் அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டு மணலைத் திருப்பிக் கொண்டுவர முயல்கிறார்கள்.

2004இல், 87 வயதில், லிற்றன் பள்ளத்தாக்கின் ஊடாகத் தானே தண்டு வலித்துச் சென்றார். 2014 நவம்பர் 30 அன்று, 97 வயதில் காலமானார். மார்பிள் கன்யனில் அணைக்காகச் சுண்ணாம்புச் சுவரில் குடைந்த சோதனைத் துளைகளை இன்றும் படகில் போகிறவர்கள் காண்கிறார்கள்.

காங்கேசன்துறைக் குழி

அந்தத் துளைகளைப் பற்றி வாசித்த நாளிலிருந்து எனக்கு நினைவில் வருவது காங்கேசன்துறைக் கற்குழிகள். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து 1990இல் போர் அதை நிறுத்தும் வரை, நாட்டின் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் நம் சுண்ணாம்புக்கல் போயிற்று. வேலையும் வந்தது, பெருமையும் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்தான் நம் நீர்த்தொட்டி. மழைநீர் அதன் துளைகளில் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிலாவரைக் கிணறு அதைக் கண்முன்னே காட்டுகிறது. கல்லை அகற்றினால் வடிகட்டியும் போகும், மூடியும் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் படிந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பான பிறகும், நிலத்தடியை நாம் காணாத இடமாகவே வைத்திருக்கிறோம்.

வலிகாமம் வடக்கில் மக்கள் திரும்பிச் செல்ல விடப்பட்ட பின் பெரியப்பாவை அங்கே அழைத்துச் சென்றேன். விடத்தல் முட்களை விலக்கிக்கொண்டு விளிம்பில் நின்றோம். வெட்டிய சுவர் வெயிலில் வெண்மஞ்சளாக எரிந்தது. அதில் சிப்பிகளின் வரிகள் பதிந்திருந்தன. அடியில் பச்சைநீர் அசையாமல் கிடந்தது. வெட்டுவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்று காட்ட எங்கள் குடும்பத்தில் ஒரு படமும் இல்லை. அங்கே மாடு மேய்த்த பெரியப்பாவின் நினைவு மட்டுமே உண்டு. அவர் கைத்தடியால் காற்றில் கோடு போட்டு, பனந்தோப்பு இருந்த இடம், கேணி இருந்த இடம், ஒழுங்கை போன வழி என்று சொன்னார். நான் அவற்றைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன்.

கயிற்றில் ஒரு போத்தலைக் கட்டி இறக்கி நீர் எடுத்தோம். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"சவர், தம்பி." சற்று நேரம் கழித்துக் கேட்டார்: "எங்கட கிணத்துக்கும் இதுக்கும் இடையில எத்தினை கட்டை இருக்கும்?"

அன்று மாலை கோப்பாய்க்குத் திரும்பியதும், அளவுப்படத்தை விறாந்தையில் விரித்து, நூல் வைத்து அளந்தோம்.